முத்திரை சாய்ந்து விழுகிறது

வல்பராய்சோ துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
இருபத்திரண்டு வருடம்
ஒரே தோளால் முத்திரை குத்தியவள்
ஒத்திலியா பாரியெந்தோஸ்.
டக். டக்.
காப்பி மூட்டைக்கு ஒன்று, கார் டயருக்கு ஒன்று,
பெயர் புரியாத திரவங்களுக்கு மூன்று.

வலது தோள் முதலில் முனகியது.
பிறகு பேசியது.
பிறகு இரவெல்லாம் பேசியது.

மருத்துவர் ஒரு தாள் கொடுத்தார்:
கையைத் தூக்கு, இறக்கு,
பத்து முறை, மூன்று வேளை.
தவறாமல் செய்தாள்.
டக். டக்.
உடம்பும் ஒரு கோப்பாகிப்போனது.

ஜூன் மாத மழையில்
குன்றேறும் கம்பிவட வண்டி பழுதானது.
பலகையில் எழுதிப் போட்டார்கள்: தற்காலிகமாக.
அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
வயது கேட்கக் கூடாது.
வீட்டுக்கு நூற்று அறுபத்திரண்டு படிகள்.
முதல் நாள் நாற்பதாவதில் உட்கார்ந்துவிட்டாள்.
முழங்கால்கள் இரண்டும்
பழைய கடனைக் கேட்பவர்போல் வாசலில் நின்றன.

அப்போதுதான் பார்த்தாள்,
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பழுப்பு நாய்
படியேறுவதை.
நேராக ஏறவில்லை அது.
இந்த ஓரம், அந்த ஓரம்,
நடுவில் நின்று முன்னங்கால் நீட்டி
முதுகை வில்லாக்கி ஒரு சோம்பல்,
காரணமில்லாமல் மூன்று படி கீழே,
பிறகு நான்கு படிக்கு ஒரே தாவல்.
எதையும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

திங்கள் அவள் பக்கவாட்டில் ஏறினாள்,
நண்டு.
செவ்வாய், பின்னோக்கி.
கடல் படிப்படியாகப் பெரிதாவதை
அந்தக் குன்றில் பிறந்து ஐம்பத்து மூன்று வருடத்தில்
அன்றுதான் கண்டாள்.
புதன் மழை. குடையை
மற்றக் கைக்கு மாற்றியதோடு சரி.
வியாழன், யாருமில்லை என்று நினைத்துக்
கையும் காலுமாகத் தவழ்ந்தாள்.
யாருமில்லாமல் இல்லை.

எரிவாயு விற்கும் எவரிஸ்தோ
உருளையில் இரும்புத் துண்டால் தட்டிக்கொண்டே
மேலிருந்து இறங்கியவன்
தட்டுவதை மறந்தான்.
"சென்யோரா, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
"ஆமாம்" என்றாள் தவழ்ந்தபடியே,
"இங்கேதான் எங்கேயோ இருக்கிறது."

மறுநாள் அவன்
எப்போதும் இடத்தோளில் ஏறும் பதினைந்து கிலோவை
வலத்தோளுக்கு மாற்றிப் பார்த்தான்.
இரண்டு படி தள்ளாடி
யாராவது பார்த்தார்களா என்று பார்த்தான்.
நாய் பார்த்தது.

எழுபதாம் படி அருகே
இரு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய்.
ஆகஸ்டில் அதைப் பிடித்து
மூன்று மூச்சுக்குத் தொங்கினாள்.
தோள் கத்தவில்லை. யோசித்தது.
நான்காவது மூச்சை அடுத்த மாதத்துக்கு விட்டுவைத்து
கொஞ்சம் பசியோடு எழுந்துகொள்ளும்
விருந்தாளியைப்போல் இறங்கினாள்.

வலி வந்த நாள் அவளுக்குத் தெரியும்,
தேதி, கிழமை, மேசைமேல் கிடந்த கோப்பு உட்பட.
போன நாள் தெரியாது.
சொல்லிக்கொண்டு போகும் பழக்கம்
வலிக்கு இல்லை.
ஒரு ஞாயிறு, மேல் அலமாரியிலிருந்து
பீன்ஸ் டப்பாவை எடுத்து
அலசி, ஊறவைத்து, பாதி வெந்த பிறகுதான்
நினைவு வந்தது:
எந்தக் கையால் எடுத்தேன்?

நவம்பரில் வண்டி ஓடத் தொடங்கியது,
புது மஞ்சள் சாயத்தோடு.
காசு கொடுத்து ஏறினாள்தான்,
பை நிறைய உருளைக்கிழங்கு,
சந்நியாசமா வாங்கியிருக்கிறாள்?
ஆனால் பலகையில் உட்காரவில்லை.
ஜன்னலோரம் குந்தியபடி
மேலே போய்ச் சேர்ந்தாள்.
பள்ளிப் பையன்கள் மூன்று பேர்
பேச்சை நிறுத்திவிட்டு அவர்களும் குந்தினார்கள்.
ஒருவன் கவிழ்ந்தான்.

அலுவலகத்தில் இப்போது
காலையில் இடக்கை, மதியத்துக்கு மேல் வலக்கை,
சில நாள் நின்றுகொண்டு,
சில நாள் மேசைக்கு அடியில் ஒற்றைக்காலை மடக்கி.
மேலதிகாரியின் குறிப்பாணை வந்திருக்கிறது:
முத்திரைகள் பல திசைகளில்
சாய்ந்து காணப்படுகின்றன.
மூன்று நாளில் விளக்கம் தேவை.

இரண்டு நாள் ஆகிவிட்டது.
வெள்ளைத்தாள் எடுத்து வைத்திருக்கிறாள்.
எந்தக் கையால் எழுதுவது என்பதில்தான்
இன்னும் முடிவாகவில்லை.